பி450 போர்டு, 550 வாட் பவர் சப்ளை, 1440பி மானிட்டர்: எந்த கிராபிக்ஸ் கார்டு பொருந்தும்?

திரைவேகம்

வணக்கம் நண்பர்களே. இப்போது இருக்கும் சிஸ்டம் இது: ரைசன் 5 3600, அதோடு வந்த கூலர், மைக்ரோ ஏடிஎக்ஸ் பி450 போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 3200 ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி. பவர் சப்ளை 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ். அதில் கார்டுக்கான 8 பின் கனெக்டர் இரண்டு உண்டு, ஆனால் இரண்டும் ஒரே கேபிளில் வருகின்றன. கேபினட்டில் முன் ஃபேன் வரை 310 மிமீ இடம் இருக்கிறது.

மானிட்டரை 1080பி 75 ஹெர்ட்ஸிலிருந்து 1440பி 165 ஹெர்ட்ஸுக்கு மாற்றியாகிவிட்டது. சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேம்களில் கார்டு திணறுகிறது. டெக்ஸ்சரை ஹையில் வைத்தால் சுவர்கள் சில நொடி மங்கலாக நின்று பிறகுதான் தெளிகின்றன. வேகமாகத் திரும்பினால் படம் ஒரு கணம் உறைகிறது. வேலரண்ட்டும் ஆடுவேன்.

என் பட்டியலில் உள்ளவை: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 8 ஜிபி, அதே கார்டின் 16 ஜிபி, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, ஆர்க் பி580 12 ஜிபி. பழையது வாங்குவதென்றால் ஆர்டிஎக்ஸ் 3080 10 ஜிபி.

8 ஜிபி போதுமா? போர்டில் கார்டு மாட்டும் ஸ்லாட் பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 என்பதால் புது கார்டின் வேகம் வீணாகுமா? சப்ளையை மாற்ற வேண்டுமா? 3600 தடையாக நிற்குமா?

சில்லுநோட்டம்

முதல் இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்வி. தனித்தனியாகப் பார்த்தால் தவறான கார்டில் போய் நிற்பீர்கள்.

கேமுக்குத் தேவையான டெக்ஸ்சர் எல்லாம் கார்டின் சொந்த மெமரியில் அடங்கும்வரை பிசிஐஇ தலைமுறை பெரிய விஷயமே இல்லை. 5060 டிஐ தன் மெமரியை நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் படிக்கிறது. மெமரி நிரம்பியதும் மிச்சம் சிஸ்டம் ராமுக்குப் போகிறது. அங்கிருந்து திரும்ப வரும் ஒரே வழி பிசிஐஇ ஸ்லாட். பிசிஐஇ 3.0இல் 16 லேன் (தரவு போகும் பாதை) இருந்தால் நொடிக்குச் சுமார் 16 ஜிபி. 8 லேன் என்றால் சுமார் 8 ஜிபி. 448 எங்கே, 8 எங்கே! நீங்கள் சொன்ன மங்கலான சுவரும் உறையும் படமும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃபிரேம்கள்) பார்க்க நன்றாகவே இருக்கும். விழுவது 1 சதவீத லோ, அதாவது மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்.

இப்போது பட்டியலைப் பாருங்கள். 5060 டிஐயின் இரண்டு வகைகளும் 8 லேன் கார்டுகள். புது போர்டில் பிசிஐஇ 5.0 வேகத்தில் ஓடும்போது 8 லேனே தாராளம். உங்கள் பி450இல் அது 3.0 வேகத்துக்கு இறங்கி, 8 லேனிலேயே நிற்கும். ஆகவே 5060 டிஐ 8 ஜிபி என்பது உங்கள் போர்டுக்கு இரட்டை அடி: மெமரியும் சீக்கிரம் நிரம்பும், நிரம்பியபின் திரும்பும் வழியும் குறுகல். மற்றவருடைய புது சிஸ்டத்தில் எடுத்த பெஞ்ச்மார்க் எண்களை நம்பி அதை வாங்காதீர்கள். அந்த எண்கள் உங்களுக்கு வராது.

அதே கார்டின் 16 ஜிபி வகையில் நிரம்பி வழிவது அபூர்வம் என்பதால் 8 லேன் அவ்வளவாகத் தெரியாது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி முழு 16 லேன் கார்டு. பழைய போர்டில் மாட்டுபவருக்கு இது நேரடியான ஆதாயம். மெமரி வேகம் நொடிக்குச் சுமார் 320 ஜிபிதான், 5060 டிஐயைவிடக் குறைவு. ஆனால் உங்கள் பிரச்சினை அங்கே இல்லை.

வாங்குமுன் இப்போதைய கார்டை வைத்தே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள்.

ஒன்று, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் 16 லேன் 3.0 காட்டுகிறதா என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த 1.1க்கு இறங்கி நிற்கும், பயப்பட வேண்டாம்; பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டால் 3.0க்கு ஏறும். அப்போதும் 8 அல்லது 4 லேன் காட்டினால் கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது கீழ் ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறது. பி450 போர்டுகளில் கீழே உள்ள நீள ஸ்லாட் பெரும்பாலும் சிப்செட் வழியாக வரும் 4 லேன் 2.0தான்.

இரண்டு, கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம், ஜிபியு, அதில் ஷேர்டு ஜிபியு மெமரி. டெக்ஸ்சர் மீடியத்திலிருந்து ஹைக்குப் போகும்போது அந்த எண் குதித்து ஏறினால், வழிவது நிச்சயம்.

பழையபோர்டு

மேலே சொன்னது அத்தனையும் சரி. பி580ஐப் பற்றி மட்டும் சேர்த்துக்கிறேன், ஏன்னா 12 ஜிபிங்கிற எண்ணைப் பார்த்து நிறைய பேர் அதுக்குப் போறாங்க.

அந்த கார்டுக்கு ரீசைசபிள் பார் (கார்டோட மெமரி முழுசையும் பிராசஸர் ஒரேயடியா அணுக விடற போர்டு செட்டிங்) ஆன்ல இருக்கிறது கட்டாயம். இல்லேன்னா வேகம் ரொம்பவே சரியும். அதைவிடப் பெரிய சிக்கல், ஆர்க் டிரைவர் பிராசஸர் மேல நிறைய வேலையைச் சுமத்துது. புது பிராசஸரோட சோதிச்ச எண்கள் அழகா இருக்கும். 3600 மாதிரி பிராசஸரோட பல கேம்ல நல்லாவே குறையும். மோசமான கார்டுன்னு சொல்லல. உங்க பிராசஸருக்கு ஜோடி இல்ல, அவ்வளவுதான். இதுவும் 8 லேன் கார்டுங்கிறதையும் மறக்காதீங்க.

3600 தடையா நிக்குமான்னு யூகிக்கத் தேவையில்ல, அளந்தே பார்க்கலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் ரிவாட்யூனரும் போட்டு, ஜிபியு யூசேஜ், எஃப்பிஎஸ், 1 சதவீத லோ மூணையும் திரையில வரவைங்க. கேமை 1280க்கு 720ல வைங்க, எஃப்எஸ்ஆர் (சின்ன அளவுல வரைஞ்சு பெரிசாக்கற ஏஎம்டியோட அப்ஸ்கேலிங்) இருந்தா பெர்ஃபார்மன்ஸ் மோடு. நிழல், பிரதிபலிப்பு எல்லாம் லோ. ஆனா க்ரவுட் டென்சிட்டி மாதிரி பிராசஸர் சம்பந்தப்பட்ட செட்டிங்கை நீங்க விளையாடப்போற அளவிலேயே விடுங்க. அப்புறம் கூட்டம் அதிகமான தெருவுல ஓட்டிப் பாருங்க. ஜிபியு யூசேஜ் 90 சதவீதத்துக்குக் கீழ இறங்கிட்டா, அப்ப தெரியிற எஃப்பிஎஸ்தான் 3600இன் உச்சவரம்பு. எந்த கார்டு போட்டாலும் அந்தக் காட்சியில அதுக்கு மேல போகாது. இன்னும் 98லேயே நின்னா, உச்சவரம்பு அதைவிட மேல இருக்குன்னு அர்த்தம்.

சிபியு யூசேஜ் 45 சதவீதம்தானே காட்டுது, அப்ப பிராசஸர் தடையில்லைன்னு நினைச்சிடாதீங்க. 3600ல 12 த்ரெட். கேமோட முக்கிய த்ரெட் ஒண்ணு முழுசா நிரம்பியிருந்தாலும் மொத்தக் கணக்குல பாதிகூடக் காட்டாது.

இன்னொண்ணு: ரே டிரேசிங் (ஒளி போற வழியை நிஜம் மாதிரி கணக்கிடறது) ஆன் பண்ணா பிராசஸர் வேலையும் கூடும். அதோட விளையாடறதா இருந்தா அதையும் போட்டு ஒரு தடவை அளங்க.

வோல்ட்டளவு

சப்ளை பற்றி. 80 பிளஸ் பிரான்ஸ் என்பது மின் சிக்கனத்தின் சான்று. சப்ளையின் தரத்துக்கான சான்று அல்ல. பக்கத்து லேபிளில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். நல்ல 550 வாட் சப்ளை அந்த ஒரு வரியிலேயே 500 வாட்டுக்கு மேல் கொடுக்கும். ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் கிடைத்துவிடும்: 43 ஆம்பியர் என்றால் 516 வாட். அங்கே 30 ஆம்பியர், அதாவது 360 வாட் என்று போட்டிருந்தால் அது பழைய வடிவமைப்பு, கார்டு எதுவானாலும் முதலில் அதை மாற்றுங்கள். உத்தரவாதக் காலம் முடிந்த சப்ளைக்கும் இதுவே என் பதில்.

கணக்கு இப்படி. 3600 முழு வேலையில் அதிகபட்சம் 88 வாட். 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160 வாட். தயாரிப்பாளர் வேகம் கூட்டிய மாடல்களில் கொஞ்சம் மேலே. போர்டு, ராம், ஃபேன், டிரைவ் எல்லாம் சேர்த்து 50 வாட் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 300ஐ ஒட்டி நிற்கிறது. 5060 டிஐ 180 வாட், அதற்கு என்விடியா 600 வாட் சப்ளை பரிந்துரைக்கிறது. எப்படிப்பட்ட சப்ளை என்று தெரியாமல் சொல்லும் பரிந்துரை என்பதால் இடம் விட்டே சொல்வார்கள். 12 வோல்ட்டில் 500 வாட்டுக்கு மேல் தரும் நல்ல 550 வாட் சப்ளை இரண்டுக்கும் போதும்.

ஒரே கேபிளில் இரண்டு கனெக்டர் என்ற கவலை இந்த வகுப்பு கார்டுகளுக்குப் பொருந்தாது. ஸ்லாட் 75 வாட், ஒரு 8 பின் 150 வாட், ஆக 225 வாட். ஒரே ஒரு 8 பின் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். மற்ற கனெக்டர் சும்மா தொங்கட்டும். இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு ஒரே கேபிளின் இரு முனைகளையும் செருகினால் மொத்தச் சுமையும் ஒரே கம்பிகளில் ஏறும், கனெக்டர் சூடாகும். அத்தகைய கார்டுக்குத் தனித்தனியாக இரண்டு கேபிள் வேண்டும்.

சில 5060 டிஐ மாடல்கள் 16 முனை கொண்ட 12வி-2எக்ஸ்6 கனெக்டருடன் வருகின்றன. உங்கள் சப்ளைக்கு அடாப்டர் தேவைப்படும், அது பக்கவாட்டில் இடத்தை அடைக்கும். முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நின்றால் ஆபத்து. செருகியதும் கம்பியை உடனே வளைக்கவும் கூடாது, 35 மிமீயாவது நேராக வரவேண்டும். 180 வாட் கார்டுக்கு இந்தத் தொல்லை வேண்டாம், 8 பின் மாடலே எடுங்கள்.

3080ஐ இந்த சப்ளையோடு நினைத்தே பார்க்காதீர்கள். கார்டு மட்டும் 320 வாட், என்விடியா பரிந்துரை 750 வாட். சில மில்லி நொடிகளுக்கு அதைவிட மிக மேலே எகிறும். சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அதைப் பார்த்து மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும்: கேம் நடுவில் சிஸ்டம் பட்டென்று அணையும். விண்டோஸில் கெர்னல்-பவர் 41 என்று பதிவாகும். சிஸ்டம் முறையாக மூடப்படாமல் நின்றது என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறெதையும் சொல்லாது, அதை வைத்துக் கார்டைக் குறை சொல்ல முடியாது. திரை மட்டும் கறுத்து, ஒலி தொடர்ந்து, சில நொடியில் படம் திரும்பினால் அது டிரைவர் விழுந்து எழுந்தது. இரண்டும் வேறு வேறு நோய்.

திரைவேகம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி அளந்தேன்.

ஸ்லாட் 16 லேன் 3.0தான். சப்ளை லேபிளில் 12 வோல்ட் 43 ஆம்பியர். உத்தரவாதம் இன்னும் இருக்கிறது. 1440பி, டெக்ஸ்சர் ஹை: ஜிபியு யூசேஜ் 99, ஷேர்டு மெமரி 2 ஜிபி வரை ஏறுகிறது. 720பி சோதனையில் ஜிபியு யூசேஜ் 70 சதவீதம், சராசரி 88, 1 சதவீத லோ 61. வேலரண்ட்டில் 1440பியிலும் 1080பியிலும் ஏறக்குறைய ஒரே எஃப்பிஎஸ் வருகிறது, ஜிபியு யூசேஜ் பாதிதான்.

5060 டிஐ 16 ஜிபியா, 9060 எக்ஸ்டி 16 ஜிபியா என்பதுதான் மிச்சம். 9060 எக்ஸ்டி எடுத்தால் டிஎல்எஸ்எஸ் (என்விடியாவின் அப்ஸ்கேலிங்) இல்லாமல் போகிறதே என்ற தயக்கம் இருக்கிறது.

பழையபோர்டு

உங்க எண்கள் ரொம்பத் தெளிவா பேசுது. சைபர்பங்க்ல உச்சவரம்பு 88. இதுக்கு மேல இருக்கிற 5070, 9070 மாதிரி கார்டுக்குச் செலவு பண்றது இந்த பிராசஸர் இருக்கிறவரை வீண். நீங்க பார்க்கிற வகுப்பே சரியான இடம்.

வேலரண்ட் முழுக்க பிராசஸர் கையில இருக்கு. புது கார்டு போட்டாலும் அதுல பெரிசா ஒண்ணும் மாறாது, இதை இப்பவே தெரிஞ்சுக்கங்க. பின்னால அதுக்குன்னு வேணும்னா இதே போர்டுல 5600 அல்லது 5700எக்ஸ்3டி போடலாம். 5700எக்ஸ்3டில 96 எம்பி எல்3 கேஷ். கேம்ல 1 சதவீத லோவை நல்லாத் தூக்கும். கூலர் கூட வராது, 105 வாட் சிப், இப்ப இருக்கிற கூலர் அதுக்குப் பத்தாது. பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸை (போர்டோட அடிப்படை மென்பொருள்) புதுப்பிச்சிடணும். கழட்டினப்புறம் போர்டு புது சிப்பை அடையாளம் காணலேன்னா மாட்டிக்குவீங்க.

சில்லுநோட்டம்

உங்கள் சிஸ்டத்துக்கு என் தேர்வு 9060 எக்ஸ்டி 16 ஜிபி. 16 லேன், ஒரு 8 பின், போதுமான மெமரி. மூன்றும் உங்கள் பழைய போர்டின் குறைகளுக்கு நேராக வந்து பொருந்துகின்றன. இன்னொரு சிறு காரணமும் உண்டு: பழைய பிராசஸரோடு டிஎக்ஸ்12 கேம்களில் ஏஎம்டி டிரைவரின் சுமை என்விடியாவைவிடக் குறைவாக இருந்து வந்திருக்கிறது.

அப்ஸ்கேலிங் விஷயத்தில் தயக்கம் நியாயமானதே. 1440பியில் குவாலிட்டி மோடு என்றால் உள்ளே 960பியில் வரைந்து பெரிதாக்குகிறார்கள். எஃப்எஸ்ஆர் 4 இந்த 9000 வரிசை கார்டுகளில் முந்தைய எஃப்எஸ்ஆரைவிட மிகத் தெளிவு. புல், கம்பிவேலி போன்ற இடங்களின் மினுமினுப்பு பெருமளவு போய்விட்டது. ஆனால் டிஎல்எஸ்எஸ் உள்ள கேம்களின் எண்ணிக்கை கூடுதல். எஃப்எஸ்ஆர் 3.1 உள்ள பல கேம்களில் ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளிலிருந்தே 4ஐ இயக்கலாம். அதற்கும் பழைய கேம்களில் வழியிருக்காது. நீங்கள் அதிகம் ஆடும் கேம்களை எழுதி, ஒவ்வொன்றிலும் எது இருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் டிஎல்எஸ்எஸ் மட்டும் என்றாலோ, பிளெண்டர் மாதிரி வேலைக்கும் கார்டு வேண்டும் என்றாலோ, 5060 டிஐ 16 ஜிபிக்குப் போங்கள், நான் தடுக்கமாட்டேன். அங்கே 8 ஜிபி வகைக்கு மட்டும் இறங்காதீர்கள்.

ஃபிரேம் ஜெனரேஷன் (கார்டே இடையில் ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்ப்பது) உங்களுக்குப் பயன்படும், ஏனென்றால் இடையில் சேரும் ஃபிரேமுக்குப் பிராசஸர் உழைக்க வேண்டியதில்லை. ஆனால் அடிப்படை எஃப்பிஎஸ் 60க்குக் கீழே இருக்கும்போது போட்டால் மவுஸ் இழுவையாகத் தெரியும். அதற்கும் கார்டின் மெமரி செலவாகும். வேலரண்ட் மாதிரி கேமுக்கு அது வேண்டவே வேண்டாம்.

வோல்ட்டளவு

மாட்டும் வரிசையையும் எழுதிவிடுகிறேன். வரிசை தவறினால்தான் கறுப்புத் திரை வருகிறது.

பழைய கார்டு மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். அடுத்து டிஸ்க் மேனேஜ்மென்டில் விண்டோஸ் டிரைவ் ஜிபிடியா எம்பிஆரா (டிரைவைப் பிரிக்கும் புது முறையா, பழைய முறையா) என்று பாருங்கள். எம்பிஆர் என்றால் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகல் வைத்துவிட்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியில் முதலில் வேலிடேட், அது வெற்றி என்றால் கன்வர்ட். பிறகு பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் செய்யும் வசதி) ஆஃப், அபவ் 4ஜி டீகோடிங் ஆன், ரீசைசபிள் பார் ஆன். 3600க்கு இது கிடைக்கும், புது பயாஸ் வேண்டும். எம்பிஆர் டிரைவோடு சிஎஸ்எம்மை அணைத்தால் விண்டோஸ் ஏறாது. கோப்பு எதுவும் அழியவில்லை, சிஎஸ்எம்மைத் திரும்ப ஆன் செய்தால் ஏறிவிடும். பயாஸ் புதுப்பித்ததும் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைந்திருக்கும், ராம் 2133 அல்லது 2400இல் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் திரும்பப் போடுங்கள். மறந்தால் 1 சதவீத லோ அங்கேயே போய்விடும்.

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறுவதால் டிடியூ (பழைய டிரைவரை முழுதாக நீக்கும் கருவி) அவசியம். புது டிரைவரை முன்பே இறக்கி வையுங்கள். இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியூ ஓட்டி, கிளீன் அண்ட் ஷட்டவுன் தேர்ந்தெடுங்கள். இணையம் இருந்தால் விண்டோஸ் தானாக ஒரு டிரைவரைப் போட்டு நடுவில் குழப்பும்.

சப்ளை சுவிட்சை அணைத்து, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ஸ்லாட்டின் முனையில் உள்ள கொக்கியை விடுவித்தபின்தான் பழைய கார்டை இழுக்க வேண்டும். புதியதை மேல் ஸ்லாட்டில் கொக்கி சொடுக்கும்வரை அழுத்தி, ஸ்குரூ போட்டு, அதன்பின் 8 பின். பிராசஸருக்கான 8 பின் கேபிளும் பார்க்க அதேபோல இருக்கும், அது 4+4, கார்டுக்கு 6+2. வேறு சப்ளையின் மாடுலர் கேபிளைக் கடன் வாங்காதீர்கள். சப்ளை பக்கத்தில் முனைகளின் வரிசை ஒவ்வொரு மாடலுக்கும் மாறும், போர்டே எரிந்துபோகலாம்.

திரைவேகம்

9060 எக்ஸ்டி 16 ஜிபி என்று முடிவு செய்கிறேன். ஆடும் கேம்களில் பெரும்பாலானவற்றில் எஃப்எஸ்ஆர் 3.1 இருக்கிறது. கடைசியாக ஒன்று: இரண்டு ஃபேன் மாடலா, மூன்று ஃபேன் மாடலா? மானிட்டருக்கு ஏதாவது செட்டிங் உண்டா?

சில்லுநோட்டம்

160 வாட்டுக்கு இரண்டு ஃபேன் போதும். மூன்று ஃபேன் மாடல்களில் 300 மிமீயைத் தாண்டுபவையும் உண்டு. உங்கள் 310இல் மாட்டிவிடலாம், ஆனால் சாய்த்து நுழைக்க இடம் இருக்காது. நீளத்தோடு தடிமனையும் பாருங்கள்: இரண்டரை ஸ்லாட் கார்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டின் கீழ் ஸ்லாட்டையும் சில சாட்டா முனைகளையும் மறைத்துவிடும். வைஃபை கார்டு கீழே இருந்தால் முதலில் அதற்கு இடம் பாருங்கள்.

மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். டிரைவர் போட்டதும் விண்டோஸ் 60 ஹெர்ட்ஸில் நிற்கக்கூடும். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 165ஐத் தேர்ந்தெடுங்கள். மானிட்டர் மெனுவிலும் அட்ரினலினிலும் ஃப்ரீசிங்க் (மானிட்டரின் வேகத்தை எஃப்பிஎஸ்ஸோடு ஒத்துப்போக வைப்பது) ஆன். எஃப்பிஎஸ் வரம்பை 160இல் வையுங்கள். 165ஐத் தொட்டால் ஃப்ரீசிங்க்கின் எல்லைக்கு வெளியே போய்ப் படம் கிழியும்.